பாதி முறுக்கில் திணறல்

"பாதி முறுக்கினா திணறுது," என்றாள் மனைவி போனில்.

மெக்கானிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடலுக்கு இந்தப் பக்கம் ஆறு பேர் படுக்கும் அறை. வந்து பதினான்கு மாதம். தினமும் மாலை ஏழு மணிக்குப் பேச்சு. சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, மழையா, இல்லை. அப்புறம் யார் முதலில் வைப்பது என்று இருவரும் காத்திருப்பார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

"எது திணறுது?"

"உங்க பைக்தான். பாதி முறுக்கினா இருமுது. முழுசா முறுக்கினா போகுது. சும்மா நிக்கும்போது ஒண்ணுமில்ல."

அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. கார்புரேட்டருக்குள் ஊசி ஒரு படி கீழே நிற்கிறது. ஏற்றிவிட்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை.

தீர்ந்தால் நாளைக்கு என்ன பேசுவது?

"போனை இன்ஜின்கிட்ட வை," என்றான். லைனில் விட்டு விட்டுத்தான் கேட்டது. இருமல் மாதிரிதான் இருந்தது. நாற்பது நிமிடம் கேட்டான்.

"ஏர் ஸ்க்ரூவை ஒரு சுத்து இறுக்கு. நாளைக்குச் சொல்லு."

மறுநாள் அவளே முந்திக்கொண்டு அழைத்தாள். "இப்ப நின்ன இடத்துலயே அணைஞ்சுடுது."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"பிளக்கைக் கழட்டு. என்ன கலர்?"

"கல்யாணத்தன்னிக்கு நீங்க போட்டிருந்த பேன்ட் கலர்."

"அது பிரவுன்."

"பிரவுன்னு நீங்கதான் சொல்லிக்கிட்டிருந்தீங்க. அது கருப்பு."

பிளக்குக்குப் பத்து நிமிடம். பேன்ட்டுக்கு ஒரு மணி நேரம்.

மேல் கட்டிலில் இருந்து கிரேன் ஆபரேட்டர் தலையை நீட்டினார். "ஏம்ப்பா, உங்க ஊர்ல மெக்கானிக்கே கிடையாதா?"

"என் வண்டியை வேற ஒருத்தன் தொடக்கூடாது."

"அப்ப நீயும் தொடாத. நீ தொட்டதுலேருந்துதான் சீரியஸா இருக்கு."

மூன்றாம் நாள் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றச் சொன்னான். உள்ளே இருக்கும் மிதவையைத் துளி வளைக்கச் சொன்னான். வளைத்தாள்.

"பெட்ரோல் சொட்டுது."

"எங்க?"

"என் கால் மேல."

"எந்தக் கால்?"

எந்த மெக்கானிக்கும் கேட்காத கேள்வி.

"இடது," என்றாள்.

இருவரும் போனை வைக்கவில்லை.

நான்காம் நாள் அவள் குரல் இறங்கியிருந்தது. "பாலத்து ஏத்தத்துல பாதியில நின்னுடுச்சு. பின்னாடி லாரி."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. நூலிழையில தப்பிச்சேன்."

பதினான்கு மாதத்தில் அவளுக்கு அவன் செய்தது என்ன என்று யோசித்தான். லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதுதான்.

மறுநாள் காலை வேலையை அப்படியே போட்டுவிட்டு டூல் ரூமுக்குப் பின்னால் போனான். ஏழு மணி வரைக்கும் தாங்காது. அழைத்தான்.

"என்னங்க, இந்நேரத்துல? இங்கதான் வண்டிகிட்ட இருக்கேன். கையெல்லாம் கிரீஸ். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், சொல்லுங்க."

"உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"என்ன கோளாறுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். ஏர் ஸ்க்ரூவைப் பழையபடி தளர்த்திடு. மிதவையை நிமித்திடு. ஊசியை ஒரு படி ஏத்து. அவ்வளவுதான். வண்டி பறக்கும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போனை வச்சிருப்ப."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"திட்டணும்னா திட்டிடு," என்றான்.

"திட்டறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு," என்றாள். "இருங்க. முகம் கழுவிட்டு வரேன்."

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு பெரியவரின் குரல், மிகவும் மரியாதையாக.

"தம்பி, நான் பக்கத்து வீடு. ஊசியை மட்டும் தொட வேணாம்னு சொல்லிடுங்க. உங்க வண்டியை வித்து எட்டு மாசமாச்சு. இது என்னோடது, நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு."