துரைக்கு ஒரு போஸ்டர்

“அத்தை, இது போஸ்டரா, புகார் மனுவா?”

மாமியார் கைப்பட எழுதிய தாளை மாப்பிள்ளை தூக்கிப் பிடித்தான். காணாமல் போன துரையின் குணநலன்கள் பத்தி பத்தியாக இருந்தன. துரை ஒரு பூனை என்பது கடைசி வரியில்தான் வந்தது.

“அப்போ நீங்களே போடுங்களேன், மாப்ளே. ஜன்னலைத் திறந்து வச்சது யாருன்னு நான் கேட்டேனா?”

சுருக்கென்று தைத்தது. ஜன்னலைத் திறந்ததாக அவனுக்கு நினைவில்லை. ஆனால், வேலை பார்த்த விளம்பரக் கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து நாள் முழுக்கச் சோபாவில் கிடப்பவனுக்கு எதுதான் நினைவிருக்கும்? மாதக்கணக்கில் தூசி படிந்திருந்த கம்ப்யூட்டரைத் துடைத்துத் திறந்தான்.

கறுப்புப் பின்னணி. இரண்டு மஞ்சள் கண்கள். கீழே ‘எங்கே?’ என்று ஒரே சொல், ஒரு போன் நம்பர்.

“அழகாத்தான் இருக்கு. எதுக்குன்னுதான் தெரியல,” என்றார் மாமியார்.

“பார்க்கிறவங்க நின்னு யோசிக்கணும், அத்தை.”

நின்று யோசித்தார்கள். யோசித்துவிட்டு, படம் எந்தத் தியேட்டரில் ஓடுகிறது என்று போன் செய்தார்கள்.

“ஏங்க, ஒரு மேப் போடுங்க,” என்றாள் மனைவி. “எந்தப் பக்கம் போச்சுன்னாவது தெரியட்டும்.”

போட்டான். வீட்டு ஜன்னலிலிருந்து கூரைகள் வழியாக ஒரு புள்ளிக்கோடு. சலவைக்கடைக் கொல்லையில்தான் துரையைக் கடைசியாகப் பார்த்ததாக மாமியார் அடித்துச் சொன்னதால், அங்கே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

“நம்ம வீடு தீப்பெட்டி மாதிரி இருக்கு, சலவைக்கடை அரண்மனை மாதிரி இருக்கே?”

“முக்கியமானதைப் பெருசாக் காட்டணும், அத்தை.”

“ஓ, அப்போ நாங்கல்லாம் முக்கியமில்ல.”

சாயங்காலம் சலவைக்கடைக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

“தம்பி, என் கொல்லையில புதையல் இருக்குன்னு யார் சொன்னது? தெருவே வந்து தோண்டுது!”

மறுநாள் மூன்றாவது போஸ்டரில் வம்பே வேண்டாமென்று துரையின் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, ‘பரிசு உண்டு’ என்று சேர்த்தான். பொழுது சாய்வதற்குள் வாசலில் நாலு பூனைகள் வந்துவிட்டன. அதில் ஒன்று நாய்க்குட்டி.

“நல்லாப் பாருங்க சார், இளைச்சிருக்கும்,” என்றார் அதைக் கொண்டுவந்தவர்.

அவன் தலையில் கை வைத்தபோது போன் அடித்தது. போஸ்டர்களை அடித்துக் கொடுத்த அச்சகத்து முதலாளி.

“தியேட்டர்ங்கிறாங்க, புதையல்ங்கிறாங்க, எங்க போனாலும் உங்க போஸ்டர் பேச்சுதான். இப்படி ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க!”

மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாமியார் சர்க்கரை டப்பாவை எடுக்க ஓடினார். அவன் முகம் மட்டும் தெளியவில்லை.

“என்னால போன துரை கிடைக்கலையே, அத்தை…”

அழைப்புமணி ஒலித்தது. மாடி வீட்டுப் பெண் நின்றிருந்தாள். கையெல்லாம் நகக்கீறல். இடுப்பில் ஒரு கூடை. கூடைக்குள் மஞ்சளாக இரண்டு கண்கள்.

மாமியாரிடம் கூடையை நீட்டினாள். “அக்கா, உங்க மாப்பிள்ளை சோபாவை விட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் இவனை வச்சுக்கோன்னு சொன்னீங்களே, இப்போ எழுந்துட்டாருல்ல? பிடிங்க… எங்க வீட்டுச் சோபா போயிடுச்சு!”