கொற்கைப் பெருவழியும் முத்து வடையும்

பாண்டியர்களின் பழைய துறைமுகத்துக்குத் தினமும் நடந்தே போவது என்று முடிவெடுத்தேன்.

எந்தப் பாண்டியனும் இப்படியொரு காரணத்துக்காக நடந்திருக்க மாட்டான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை எனக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. டாக்டர் என் மனைவி இன்பமணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "மூணு மாசம் நடக்கட்டும். எண்ணெய்ப் பலகாரம் கூடாது. குறையலேன்னா இன்சுலின் ஊசிதான்."

ஊசி என்றால் எனக்குப் பயம். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி, பானிபட் போர்கள் மூன்றையும் ரத்தம் சொட்டச் சொட்ட விவரித்தவன்தான். ஆனால் அது அடுத்தவன் ரத்தம்.

இன்பமணி கணக்கு டீச்சர். ஏரலில் முப்பத்தைந்து வருஷம். அவள் ஓய்வுபெற்றுவிட்டாள், கணக்கு ஓயவில்லை.

"ஸ்கூல் கிரவுண்டுல தினம் பன்னிரண்டு ரவுண்டு நடங்க. நான் பெஞ்சுல இருந்து எண்ணுதேன்" என்றாள்.

"சுத்திச் சுத்தி வர நான் என்ன செக்குமாடா? ஏரல்ல கிளம்பி ஆறுமுகமங்கலம், மாரமங்கலம், கொற்கை. ஏழு கிலோமீட்டர். வழிநெடுக வரலாறு. போகையில நடை, வரும்போது பஸ்."

"வழிநெடுக வேற என்ன இருக்கு?"

"வேற என்ன இருக்கும்? குளம், கோயில், வயக்காடு, வாழை."

வரலாற்று ஆசிரியன் பொய் சொல்லக் கூடாது. ஆனால் சில தரவுகளை விட்டுவிடலாம். ஆறுமுகமங்கலத்தில் ஆயிரத்தெண் விநாயகர் கோயில் இருப்பதைச் சொன்னேன். கோயிலுக்குப் போகிற வழியில் உளுந்த வடை இருப்பதைச் சொல்லவில்லை. மாரமங்கலம் என்ற பெயருக்குள் மாறன் என்ற பாண்டியப் பெயர் ஒளிந்திருப்பதாக வாதிட்டேன். அங்கே வேல்ராஜ் கடையில் சுசியம் ஒளிந்திருப்பதை வாதிடவில்லை. கொற்கையில் பழைய வன்னிமரம். அங்கேயும் ஒரு டீக்கடை.

பாதைக்குக் 'கொற்கைப் பெருவழி' என்று பெயர் சூட்டி நோட்டில் படமும் வரைந்தேன். இன்பமணி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல படம்."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னைப் பாராட்டியது அது இரண்டாவது தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் பெருவழி தொடங்கியது. ஆறுமுகமங்கலத்துக் கடையில் வடையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வடை, ஒரு டீ, அண்ணாச்சி."

டீ மட்டும் வந்தது. அதிலும் சீனி இல்லை.

"வடை?"

"வித்தாச்சு, சார்."

"தட்டு நிறைய இருக்கே."

"அதெல்லாம் வித்தது, சார். ஆளுங்க வந்து எடுத்துக்கிடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க இன்பமணி டீச்சர் வீட்டு சார்தான? நான் டீச்சர்ட்ட எட்டாப்பு. நேத்து போன்ல அவங்க குரலைக் கேட்டதும் எந்திரிச்சு நின்னுட்டேன்."

வேகமாக மாரமங்கலம் போனேன்.

"ஏலே வேல்ராஜ், நீயுமா?"

"நான் ஒம்பதாப்பு பி பிரிவு, சார். எங்க வீட்டம்மா ஏ பிரிவு. நான் குடுத்தாலும் அவ விடமாட்டா."

அவன் தோளுக்குப் பின்னால் ஏ பிரிவு கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த வழியில் யார் யார் கடை போட்டிருந்தார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். இன்றைக்கு யார் போட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பிவிடலாம்தான். ஆனால் பசி முன்னால் தள்ளியது. கொற்கை போய்ச் சேர்ந்தபோது கால் இரண்டும் எனதல்ல. டீக்கடையில் சங்கரபாண்டியன் என்றொரு புது ஆள்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"விளாத்திகுளம், சார். இங்கன வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது."

"பள்ளிக்கூடம் படிச்சது?"

"அங்கனதான்."

கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. "வடை இருக்கா?"

அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். மேசைக்கு அடியிலிருந்து மூடி நசுங்கிய ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். வாழையிலைத் துண்டில் ஒரு வடை வைத்தார்.

"ஒண்ணுதான், சார். ஒரு ஆளுக்கு ஒண்ணு. அப்படித்தான் ஏற்பாடு."

அது சாதாரண வடை அல்ல. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. உருண்டையாக இருந்தது, நடுவில் ஓட்டையே இல்லை. யோசித்துப் பார்த்தால், முத்து விற்ற ஊரில் வடை முத்தைப் போலத்தான் இருந்திருக்கும். ஓட்டை பிற்காலத்து இடைச்செருகல். 'கொற்கை முத்து வடை. பாண்டியர் காலத்துக் கைப்பக்குவமாக இருக்கலாம்' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் இன்பமணி கேட்டாள். "என்ன பாத்திய?"

"முத்து விளைஞ்ச எடத்தைப் பாத்தேன்."

"கடலுதான் எப்பவோ பின்னால போயிருச்சே."

"போகட்டும்."

அதன்பின் ஒரு நாள்கூட நான் நடையை விடவில்லை. மழைக்குக் குடை, வெயிலுக்குத் தொப்பி. ஏழு கிலோமீட்டர், ஒரு வடை. பாதி வழியில் ஆறு மணி பஸ் என்னைக் கடந்து போகும். கண்டக்டர் பெனிஸ்டன் படியில் நின்றபடி கையசைப்பான். பெரியவர்களை மதிக்கத் தெரிந்த பிள்ளை.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஆறு புள்ளி ஏழு. ஊசி வேண்டாம். இப்படியே நடங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த ஊசியை யாரோ பிடுங்கியது போலிருந்தது. இன்பமணி பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினாள்.

"அழுதியா?"

"உள்ள ஏசி ஒத்துக்கலை."

அன்று சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டேன். தொண்ணூறு நாளில் தொண்ணூறு வடை. ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. கணக்கை வரலாறு வென்றதாக எங்கும் எழுதப்படாது; வென்றவனே அடக்கமாக இருந்துவிட்டான்.

அடுக்களையில் பாசிப்பயறு அரைபடுகிற சத்தம் நின்றது. இன்பமணி பணியாரச் சட்டியைத் துடைத்தபடி வெளியே வந்தாள். மூடி நசுங்கிய ஓர் எவர்சில்வர் டப்பாவை என் மடியில் வைத்தாள்.

"ஏங்க, நாளைக்குப் பெனிஸ்டன் லீவாம். உங்க முத்து வடையை நீங்களே கொண்டு போயிருங்க."