பல்லவி அண்ணனின் பாட்டில்லாத நாடகம்

கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பல்லவி அண்ணன் பாட்டெழுதாத விஷயம் ஒன்றுகூட மிச்சமில்லை. தண்ணீர் வெட்டுக்கு ஒரு பாட்டு. தான் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் மாடி மாடியாக ஏறி மீன் திருடும் பூனைக்கு ஒரு பாட்டு. கிளினிக்கில் டாக்டர் தொண்டையைக் காட்டச் சொன்னால், ‘ஆ’ என்று ஆரம்பித்து அதை ஒரு ஆலாபனையாக முடித்துவிட்டுத்தான் வாயை மூடுவார்.

அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. நாடக போஸ்டரிலும் பல்லவி அண்ணன்தான்.

பிழைப்புக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு பழைய ஜப்பான் கார், முன்னும் பின்னும் ‘எல்’ பலகை. எழுபதுகளின் கடைசியில் நான் அவரிடம் மாணவனாகச் சேர்ந்தேன். “கிளட்ச்ச ஒரே அடியா விடாதே தம்பி. கமகத்தோட விடு” என்பார். கமகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாததால் கார் ஒவ்வொரு முறையும் குதித்துத்தான் கிளம்பியது.

அவருடைய நாடகக் குழுவில் நடித்த எல்லோரும் அந்தக் காரில் படித்தவர்கள். லைசன்ஸ் கிடைத்தவர்கள் போய்விடுவார்கள், கிடைக்காதவர்கள் நடித்துக்கொண்டிருப்பார்கள். கதாநாயகிக்கு நாடகம் முடியும்வரை பார்க்கிங் சொல்லித் தரமாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் உயரமாக இருந்ததால் எனக்குப் போலீஸ் வேடம். கைது செய்வதற்கு முன்னால் இரண்டு சரணம் பாட வேண்டும். திருடன் அதுவரை நின்று கேட்பான்.

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நாடகம். லோரி மோதிய கதாநாயகன் நடுரோட்டில் கிடந்தபடி பாடுகிறான். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார்.

“அண்ணே, ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு. பாடிக்கிட்டே தூக்கிட்டுப் போங்க லா.”

மண்டபமே சிரித்தது. பல்லவி அண்ணன் திரைக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா, கதையில எப்படி ஒன்றிப் போயிட்டாங்க” என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை. டி.வி.யில் தன் நாடகம் வர வேண்டும். நிலையத்து வாசலுக்குப் பலமுறை போய், காவலாளிகளுக்கெல்லாம் தன் பாட்டுகளை மனப்பாடமாக்கி வைத்துவிட்டார். கடைசியில் ஓர் இளம் தயாரிப்பாளர் அழைத்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

“அரை மணி நேர நாடகம் ஒண்ணு வேணும் அங்கிள். குடும்பக் கதை. பாட்டு மட்டும் வேணாம்.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார், காதில் சரியாக விழுந்ததா என்று கேட்பதுபோல.

“பாட்டு இல்லாம எப்படி தம்பி அழுவாங்க?”

“சாதாரணமா அழட்டும் அங்கிள்.”

கையிலிருந்த நாடகத்தில் பாட்டுகளை எடுத்துப் பார்த்தார். மிஞ்சியதை ஒரு கிளாஸ் தே தாரிக் ஆறுவதற்குள் நடித்து முடித்துவிடலாம். அதிலும் பாதி ‘ஐயோ.’ இரண்டு வாரம் அந்தக் காரில் முனகல்கூடக் கேட்கவில்லை. மாணவர்கள் வரிசையாகத் தேர்வில் பாஸ் பண்ணினார்கள். பிறகு ஒருநாள், “எழுதிட்டேன்” என்றார்.

எப்படி எழுதினார் என்பதற்கு அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜாமணி அண்ணிக்குக் கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை. நாள் முழுக்க ‘ஹோல்ட் ஆன் ப்ளீஸ்’ சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது வார்த்தைகள் ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். மீதி இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிப்பார். “நான் ஒரு கலைஞன்” என்று அண்ணன் ஆரம்பித்தால், “கலைஞன் குப்பையக் கீழ கொண்டு போகலாம்” என்பார். ஒருமுறை அண்ணன் உருகிப்போய், “நான் செத்துட்டா நீ என்ன செய்வே?” என்று கேட்டார்.

“செவ்வாய்க்கிழமை வேணாம். எனக்கு டபுள் ஷிஃப்ட்.”

நாடகம் ஒளிபரப்பான அன்று, அண்ணன் வீட்டில் டி.வி. இல்லாததால், எதிர்வீட்டு ஆன்டியின் கூடத்தில் மாடி முழுக்கக் கூடியிருந்தது. திரையில் வந்த மனைவி குப்பை வசனத்தைச் சொன்னாள். பிறகு செவ்வாய்க்கிழமை வசனத்தைச் சொன்னாள். எதிர்வீட்டு ஆன்டி கண்ணில் நீர் வரச் சிரித்து, “ராஜாமணி, இது நீதானே லா” என்றார்.

அண்ணி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாடகம் பெரிய வெற்றி. பாசாரில் காய்கறிக்காரம்மா, “அக்கா, இந்தச் செவ்வாயும் டபுள் ஷிஃப்டா?” என்று கேட்டாராம். அண்ணி கத்தரிக்காயை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். தயாரிப்பாளர் அண்ணனைக் கூப்பிட்டுத் தொடராகவே கேட்டார். “அந்த அம்மா பேசுற மாதிரியே இன்னும் வேணும் அங்கிள்.”

அந்த அம்மாவோ பேச்சையே நிறுத்தியிருந்தார்.

அண்ணன் ஒரு வரியாவது வாங்கிவிடப் பார்த்தார். குழாயைத் திறந்து விட்டுவிட்டு உட்கார்ந்தார். அண்ணி வந்து மூடிவிட்டுப் போனார். குழம்பில் உப்பை அள்ளிப் போட்டார். அண்ணி தனக்கு முட்டை பொரித்துக்கொண்டார். குழம்பு முழுவதையும் அண்ணனே சாப்பிட வேண்டியதாயிற்று. நல்ல சட்டையை அடுப்புத் துணியாகப் பிடித்து நின்றுகூடப் பார்த்தார். ஒரு புருவம்கூட அசையவில்லை.

கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தார். ஞாயிறு காலை எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, ஆர்மோனியத்தோடு தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து மன்னிப்புப் பாட்டு பாடினார். நான் டோலக். மாடியில் எல்லாக் கதவும் திறந்தன, அந்த ஒரு கதவைத் தவிர. மூன்றாவது சரணத்தில் அதுவும் திறந்தது. அண்ணி குப்பைப் பையை நீட்டினார்.

அண்ணன் வாங்கிக்கொண்டு படியிறங்கினார். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. ஆர்மோனியத்தை மூடினார். எங்களை அவர் மறந்தே போயிருந்தார்.

“ராஜாமணி. ஒன் பேச்ச எடுத்து ஊருக்குப் போட்டுட்டேன். ஒன்ன ஒரு வார்த்த கேக்கல. தப்பு.”

அவர் ராகம் இல்லாமல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அண்ணி நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

“எழுதுனது யாருன்னு போட்டாங்க?”

“என் பேரு.”

“பேசுனது?”

“நீதான்.”

“அப்ப?” என்றார் அண்ணி.

மறுநாள் நிலையத்தில் தயாரிப்பாளர் தலையைச் சொறிந்தார். “அவங்க ரைட்டர் இல்லையே அங்கிள். மேல ஒத்துக்க மாட்டாங்க. போன்ல நன்றி சொல்லிடறேனே, போதாதா?”

“அவங்க போன்ல ஆயிரம் நன்றி கேட்டவங்க தம்பி. பேரு வந்தா தொடர். வரலன்னா வேணாம்.”

வெளியே வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினார். அன்று நான்தான் வண்டி ஓட்டினேன். லைசன்ஸ் இல்லாத எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபெடரல் சாலையில் நான் செய்த தப்புகள் ஒன்றையும் அவர் கவனிக்கவில்லை. “போயிடுச்சு தம்பி” என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

போகவில்லை. நிலையத்து மேலிடத்தில் யாருடைய மனைவியோ அந்தச் செவ்வாய்க்கிழமை வசனத்தை வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம். நிலையம் சம்மதித்தது. அண்ணி அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கைப்பையை மாட்டிவிட்டு, பசியில் முறைத்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்த அண்ணனிடம், “கோவமா நடந்துக்கிட்டா சாப்பாடு கெடைக்கும்னு யாரு சொன்னா?” என்றார். அதுதான் தொடரின் முதல் வசனம். எழுதிக்கொள்ளும் முன் அண்ணன் அனுமதி கேட்டார். அண்ணி யோசித்து, “கெடைக்கும்ன்றத அழுத்திச் சொல்லச் சொல்லு” என்றார்.

தொடர் தொடங்கிய அன்று எதிர்வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. விளக்கை அணைத்தார்கள். முதலில் கதை என்று அண்ணன் பெயர் வந்தது, கைதட்டினோம். அடுத்தது வரப்போகிறது என்று ஆன்டி எல்லோரையும் அதட்டி அமைதியாக்கினார். வசனம் என்று ராஜாமணி பெயர் வந்ததாம், பெரிய எழுத்தாம், வெகு நேரம் நின்றதாம். பல்லவி அண்ணன் அதைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்பி, திரையின் வெளிச்சம் விழுந்த அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்ததில் நானும் அதைப் பார்க்கவில்லை.