எதுக்கு மிஸ்

தமிழ்நாட்டிலேயே பாடத்தைப் பாடமாக நடத்தத் தெரியாத ஒரே வேதியியல் ஆசிரியை, மோகனூர் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில்தான் இருந்தார். ‘எதுக்கு மிஸ்’ என்றால் ஊருக்கே தெரியும். “இது உனக்கு எதுக்கு ஆவும்?” என்று கேட்டுப் பதில் வாங்காமல் புத்தகத்தைத் திறக்க மாட்டார்.

போர்க்குழாய் போடுகிற ரிக் வண்டி வாங்கப் போகிறேன் என்ற பையனுக்குக் கடினநீர்ப் பாடம். “போர் போட்டு உப்புத் தண்ணி வந்தா உன்னையத்தான் வைவாங்க, படி சாமி!” சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று ஒருவன் மடக்கப் பார்த்தான். “அழுவுற சீனுக்குக் கண்ணுல என்னத்தடா ஊத்துவ? கிளிசரின்! எழுது.” வகுப்பே கைதட்டும். பக்கத்து அறையில் வரலாறு நடத்துகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அக்பரை யார் கேட்டார்கள்?

பதினொன்றாம் வகுப்பு கோமதி மட்டும், “எனக்கு எதுக்கும் ஆவாதுங்க மிஸ். பரீட்சை முடிஞ்சதும் அப்பா மில்லு வேலைக்கு அனுப்பறாருங்க” என்றாள். நன்றாகப் படிக்கிற பெண். மிஸ்ஸுக்கு முகமே செத்துவிட்டது. அன்று சாயங்காலமே என்னை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்பாவுக்குக் கோழிப்பண்ணையில் கூலி வேலை. பெண் கல்வியின் பெருமையைச் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். மிஸ் முந்திக்கொண்டார்.

“ஏனுங்க, உங்களுக்கு என்ன ஆசைங்க?”

மனிதர் திருதிருவென்று விழித்தார். “எனக்குங்களா? என்னைய ஆரும் கேட்டதில்லீங்களே.” அப்புறம் வெட்கத்தோடு, “சொந்தமா ஒரு பண்ணை போடோணுமுங்க” என்றார்.

“வெயில் காலத்துல முட்டை ஓடு மெலிசாவுதே, ஏனுங்க?”

“ஆமாங்க, லாரியில ஏத்தறதுக்குள்ள ஒடையுதுங்க. ஏன்னு தெரியலீங்க.”

“கோமதி படிச்சா சொல்லுவா. பண்ணைக்கு வேண்டிய ஆளை ஊட்டுலயே வெச்சுக்கிட்டு மில்லுக்கு அனுப்பறீங்களே, நல்லாருக்குதுங்களா?”

அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, மொபெட்டில் கோமதியைக் கொண்டுவந்து இறக்கினார் அப்பா. இறக்கியவர் போகவில்லை, வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“அந்த முட்டை ஓட்டுப் பாடம் இன்னிக்குங்களா மிஸ்? நானும் பின்னால உக்காந்து கேட்டுக்கலாமுங்களா?”

“உக்காருங்க சாமி” என்றார் மிஸ். சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதுக்கு மிஸ்ஸை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு அக்பரை அப்படியே விட்டுவிட்டு, நானும் போய்க் கோமதி அப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.