தாய்மாமன் பின்னிய ஸ்வெட்டர்

ஆரணி,
ஞாயிறு மத்தியானம். நிலா தூங்குகிறாள். எழுந்துவிட்டால் கடிதம் அந்த வரியோடு நிற்கும்.

அன்புத் தங்கை சங்கீதாவுக்கு அண்ணன் அன்புச்செல்வன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி ராதிகாவும் மகள் நிலாவும் சுகம். வெயிலும் சுகமாகத்தான் இருக்கிறது, எங்களை விட்டு ஒரு நாளும் பிரிவதில்லை. அங்கே குன்னூரில் நீயும், மாப்பிள்ளை பரசுராமனும், உன் மாமியார் அம்மணி அம்மாளும், உன் வயிற்றில் இருக்கிற என் மருமகனோ மருமகளோ, அவரும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் போன் அடித்தால் உன் மாமியார்தான் எடுக்கிறார். எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார். இது நடுவீட்டு விஷயம் இல்லை. தனியாக உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான்: ஸ்வெட்டர் வராது.

உன் வளைகாப்பன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். அம்மா இல்லாத வீட்டில் தலைப்பிரசவத்தை யார் பார்ப்பது என்று உன் மாமியார் கேட்டார். ராதிகா லீவு போடுகிறேன் என்றாள். ஆனாலும் நீ குன்னூரிலேயே இருப்பது என்று பேசி முடித்தார்கள். நியாயமான முடிவுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கையை முதல் பிள்ளைக்கு வீட்டுக்கு அழைத்துவர முடியாமல் போனது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த முள்ளோடு பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் மாமியார், "எங்க ஊரு குளுருக்கு ஸ்வெட்டர் இல்லாம கொழந்தைய வெளிய காட்ட முடியாது" என்றார். வாயில் இருந்த புளிச்சோற்றை விழுங்கிவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெட்டது. "கடையில எதுக்குங்க? பட்டே நெய்யறவன் நான். ரெண்டு குச்சிய வச்சிகினு ஒரு ஸ்வெட்டர் பின்ன மாட்டனா? தாய்மாமன் சீரு என் கையாலதான்" என்று சபையில் சொல்லிவிட்டேன். உன் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆம்பள பின்னின ஸ்வெட்டரா? பாக்கலாம். ஆனா பொறக்கறதுக்கு மின்ன புதுத்துணி எங்க வாசப்படி ஏறக்கூடாது. கொழந்தைக்கு மொதல்ல பழசுதான் போடணும். தொட்டில் போடற அன்னிக்கு எட்துகினு வாங்க" என்றார். அந்தப் "பாக்கலாம்" என்னோடு பஸ் ஏறி ஆரணி வரை வந்தது.

ராதிகா காலையில் வந்தவாசி பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறாள். அங்கன்வாடியில் நிலாவை விட்டால் மதியத்துக்கு முன்பே திரும்பி வந்துவிடுவாள். பிறகு வீட்டில் நான், தறி, நிலா. தறி போட்ட இடத்தில் நிற்கும். நிலா நிற்க மாட்டாள். போனில் ஒரு அம்மா பின்னிக் காட்டும் வீடியோவைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் என்ன பாஷை பேசுகிறார் என்று தெரியவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டேன். தறியில் இழை தளர்ந்தால் சேலை போச்சு என்று பழகிய கை இது. ஒவ்வொரு கண்ணியையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கினேன். முதுகுப் பக்கம் முடிந்ததும் தரையில் வைத்தேன், தானாக நின்றது. ராதிகா வந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, கொழந்தைக்கா, கடலை பொடைக்கவா?" என்று கேட்டாள். முறத்தோடு ஒப்பிட்டதை நான் பொருட்படுத்தவில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது, கரை இல்லாமல் ஒரு துணியை என் கை விடாது, மிச்சம் கிடந்த ஜரிகையை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அரை விரல் அகலத்துக்குக் கரை போட்டேன். தொட்டுப் பார்த்த ராதிகா ஜரிகை குத்திய விரலைச் சப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்து குல்லா. பச்சைக்குழந்தையின் தலை எவ்வளவு இருக்கும் என்பது மறந்துபோய்விட்டது. நிலாவின் பழைய துணியை வைத்து அளவெடுக்கலாம் என்றால், அதெல்லாம் தறி துடைத்து நைந்து போகியன்று எரிந்து முடிந்தது. மட்டை உரித்த தேங்காய் ஒன்று உத்தேசமாகச் சரியாக இருந்தது. அதற்குக் குல்லாவை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிலா வந்து நின்றாள், பார்த்தாள், "பாப்பா" என்றாள். அன்று முதல் அது பாப்பா. பால் கொடுக்கிறாள், பவுடர் போடுகிறாள், தூளியில் போட்டு ஆட்டுகிறாள், நடுவில் நான் இருமினால் என்னை அடிக்கிறாள். ஒரு நாள் வேறொரு தேங்காயைச் சட்னிக்கு உடைத்தேன். அவள் போட்ட கூப்பாட்டில் எதிர்வீட்டு முருகேசன் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். அதோடு எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி நின்றது.

இதற்கிடையில் அவள் ஊசியை உருவியது, கம்பளி நூல் உருண்டையைத் தறிக்குழியில் போட்டது எல்லாம் தினப்படி சங்கதி, அதை எழுதினால் காகிதம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு கை முழுசாகப் பின்னி முடித்துத் திண்டில் வைத்துவிட்டு, சேலை வேலை தங்கிப்போச்சே என்று தறியில் உட்கார்ந்து மும்முரமாக மிதித்தேன். நிலா பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா நெய்கிறதைப் பார்த்துப் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்கும் ஒரு உற்சாகம், இன்னும் ஜோராக மிதித்தேன். திரும்பிப் பார்த்தால், கம்பளி நூலின் நுனியை மிதிப்பலகையில் சுற்றிவிட்டிருக்கிறாள். நான் மிதிக்க மிதிக்க அந்தப் பக்கம் ஸ்வெட்டரின் கை அவிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. கையால் செய்ததைக் காலாலேயே கெடுத்துக்கொண்டேன், யாரை நொந்துகொள்வது?

எப்படியோ போன வாரம் எல்லாம் முடிந்து, மூன்று பொத்தானும் வைத்தாயிற்று. அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்து போனவன் திரும்பி வருவதற்குள், நிலா அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். முன்பக்கம் மூடாது, கை முழங்கையைத் தாண்டாது, ஆனால் கழற்ற மாட்டாள். தொட்டால் அலறல். இந்த வெயிலில், ஃபேனுக்கு அடியில், உடம்பில் வேறு ஒன்றும் இல்லாமல் கம்பளி ஸ்வெட்டர் மட்டும்! கீழே ஒரு பாவாடையைக் கட்டி அங்கன்வாடிக்கு அப்படியே அழைத்துப் போனேன். அகல்யா டீச்சர் வாசலிலேயே மறித்து, "ஏங்க, இவ்ளோ ஜொரத்துல கொழந்தைய இட்டுகினு வர்றீங்களே, பெத்தவருதானே நீங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நிலாவுக்குக் கடுமையான காய்ச்சல் என்று செய்தி எங்களுக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் பார்க்க வந்தவர்கள் கொடுத்த பிரட் பாக்கெட் குவிந்துவிட்டது. காய்ச்சல் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை, பிரட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஒரே பேஜார். இன்று காலையும் பிரட்தான்.

அவள் தூங்கும்போது ராதிகா கழற்றித் துவைத்துப் போடுவாள். எழுந்ததும் மறுபடியும் வேண்டும். இந்த ஒரு வாரத்தில் கையைச் சப்பி, பொத்தானைப் பிடித்து இழுத்து, அதைப் போட்டுக்கொண்டே புரண்டு, பீட்ரூட் பொரியலைத் துடைத்து, ஜரிகைக் கரையை ஒரு இழை விடாமல் உருவியும் போட்டுவிட்டாள். அத்தனை விறைப்பாக நின்ற ஸ்வெட்டர் பழைய வேட்டி மாதிரி தொளதொளவென்று கிடக்கிறது. இதை எடுத்துக்கொண்டு உன் மாமியார் முன்னால் எப்படி நிற்பது?

ஆகவே நான் செய்திருக்கும் ஏற்பாடு: வேலூர் போய்க் கடையில் நல்லதாக ஒன்று வாங்குவேன், லேபிளை வெட்டிவிடுவேன், மனிதன் கை பட்டது போல் தெரிய ஒரு கண்ணியைக் கொஞ்சம் இழுத்தும் விடுவேன். தொட்டில் போடும் அன்று அது நான் பின்னியது. நீ வாயைத் திறக்காதே. மாப்பிள்ளைக்கும் சொல்லாதே, அவர் நல்ல மனுஷர், அவரிடம் பொய் தங்காது. பின்னல் ஊசியைப் பரண் மேல் வீசியாயிற்று, இனி ஆயுசுக்கும் தொட மாட்டேன். ஆனால் சங்கீதா, உன் பிள்ளை மேல் முதலில் படுவது என் கை வேலையாக இருக்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். அது நடக்கவில்லை. அதுதான் வருத்தம், மற்றபடி ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாத்திரையை மறக்காமல் போடு. ஈரத்தில் பார்த்து நட. படவேட்டம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடி பிரிந்து, நூறு வயது இருங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு, உன் மாமியாருக்கு என் வணக்கம். வணக்கத்தை மட்டும் சொல், மற்றதைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
அன்புச்செல்வன்

பி.கு.: மேலே சுகம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். புதிதாக எழுத முடியாது, நிலா எழுந்துவிட்டாள். கவரை ஒட்டும் நேரத்தில் உன் மாமியார் போன் செய்தார். ஸ்பீக்கர்தான். நீ செக்கப்புக்குப் போயிருக்கிறாய் என்றார்.

"ஏம்பா அன்பு, நாள் நெருங்குது. பொறந்ததும் மொதல்ல போட ஒரு பழைய துணி வேணும். மாமன் ஊட்டுக் கொழந்த போட்டதா இருந்தா விசேசம். நிலா போட்டது எதுனா இருக்குதா? குளுரு தாங்கறா மாதிரி?"

"ஒரு ஸ்வெட்டர் இருக்குதுங்க" என்றேன்.

"நெஜமா போட்டுகினு இருந்தாளா, சும்மா சொல்றியா?"

"கழட்டவே மாட்டேன்றா. தெருவே சாட்சிங்க."

"மெத்துனு இருக்குதா? ஜரிக கிரிக குத்தப்போவுது, உங்க ஊரு துணியாச்சே."

"இருந்துச்சுங்க. நிலா புடுங்கிட்டா."

"கெட்டிக்காரி. யாரு பின்னினது?"

"நான்தாங்க."

"பாக்கலாம்னு சொன்னேன் இல்ல? ஜல்தி அனுப்பு, பாக்கறேன்" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது, ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது.

வேலூர்ப் பயணம் ரத்து. ஊசியையும் பரணில் இருந்து இறக்கிவிட்டேன், நிலாவுக்குச் சிவப்பில் ஒன்று பின்ன வேண்டும். சங்கீதா அத்தை வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்குக் குளிர்கிறது என்று ராதிகா சொன்னதும், ஒரு வாரமாக யாரையும் தொடவிடாத பெண் தானாகவே ஸ்வெட்டரைக் கழற்றினாள். கழற்றித் தன் பாப்பாவுக்குப் போட்டுவிட்டு, இரண்டும் சேர்ந்துதான் போகும் என்று பார்சல் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆகவே நாளை நான் அனுப்பும் கூரியரில் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்ட ஒரு தேங்காய் வரும். ஸ்வெட்டரை உன் பிள்ளைக்குப் போடு. தேங்காயைச் சட்னி அரைத்துவிடாதே, பாப்பா தூங்கியதா என்று நிலா தினமும் போனில் கேட்பாள்.