அக்கா வீடு நாற்பது கிலோமீட்டர்

பேட்டரி படம் போட்ட அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும், கண்ணாடிக்கடைக்காரர் அதைப் பார்க்காதவர்போல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டில் மனைவி, மடியில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, "வர்றப்ப வருவேன்" என்று பதில் வந்திருந்தது.

கோபம் எதற்கு என்பது அவருக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பார்வை பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், மனைவி தன் நீளக் கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நான்கு நாளாகியும் கவனிக்கவில்லை. இந்த ஆளை என்னதான் செய்வது?

"பஸ்ஸுல போனா சௌகரியமா இருந்திருக்கும்" என்றார் மெதுவாக.

"இந்த வண்டியிலதான் போவேன்."

வாரம் முழுக்க அவள்தான் அதைப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போவாள். ஓவிய ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் ஓட்டுவார்.

மாலை மங்கிக்கொண்டிருந்தது. சாலையோர மரங்களுக்கிடையே பனிமூட்டம் தவழ்ந்து வர, கார் ஏதோ தூக்கத்துக்குள் மிதந்துபோவதுபோல் இருந்தது. போய்ச் சேராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

அவள் ஏசியைப் போட்டாள்.

அவருக்குப் பகீரென்றது. பேட்டரி விளக்கு எரிந்தால் கரண்ட் தின்னும் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும் என்று யாரோ சொன்ன ஞாபகம். நடுவழியில் வண்டி நின்றால் இருக்கிற கோபம் இரண்டு மடங்காகிவிடும். அப்புறம் அக்கா வீட்டிலேயே தங்கிவிடுவாள். அணைத்தார்.

"புழுங்குது" என்று மறுபடியும் போட்டாள்.

சரி, அதற்குப் பதிலாக ரேடியோவை அணைத்தார்.

"எனக்குப் பிடிச்ச பாட்டுன்னு தெரிஞ்சுதானே நிறுத்தினீங்க?"

"தலைவலிம்மா."

"என்னாலதானே?"

ரேடியோ மறுபடியும் பாடியது. ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்தது. முன்விளக்குகளின் வெளிச்சமும் சாலையில் மெல்ல மெல்லக் கரைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"எனக்குப் பவர் ஏறிடுச்சு போல. நாளைக்கு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்."

"உங்களுக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பி.

கொஞ்ச தூரத்தில் மெல்லிய முனகல் கேட்டது. அவர் மனம் இளகிப்போயிற்று.

"அழாதேம்மா."

"யாரு அழறா? வண்டி முனகுது."

"ஏதோ தீயற நாத்தமும் வருதே?"

"என் வயிறு எரியுது. அதுவா இருக்கும்."

அவர் ஏசியை மறுபடி அணைத்தார். அவள் போட்டாள். அவர் ரேடியோவை அணைத்தார். அவள் உள்விளக்கைப் போட்டாள். போக விரும்பாத இடத்துக்குப் போய்ச் சேர அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் ஏரிக்கரை தாண்டி ஒரு வளைவில் ரேடியோ ஊமையாயிற்று, விளக்குகள் அணைந்தன, வண்டி இரண்டு முறை குலுங்கி ஓரமாக நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி.

பனிக்குள் ஒரே நிசப்தம். பார்ப்பதற்குச் சாலை இல்லை, விளக்கு இல்லை. வேறு வழியில்லாமல், மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில் அவர் மனைவியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"உன் முடி எங்கே?"

"வெட்டி நாலு நாளாச்சு."

"ஐயோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "நல்லா இருக்கும்மா. சத்தியமா. கல்யாணத்தப்ப பார்த்த மாதிரியே இருக்கே."

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"போகாதேம்மா."

"வண்டிதான் நின்னுபோச்சே. இனி எங்க போறது?"

அவள் போனை எடுத்து யாரையோ கூப்பிடுவதற்குள், பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவன் ஒரு மெக்கானிக். டார்ச்சோடு பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தான்.

"ஆல்டர்னேட்டர் போச்சு சார். ஓடறப்ப பேட்டரிக்குக் கரண்ட் ஏத்தறது இதுதான். சிவப்பு விளக்கு, மங்கின லைட்டு, முனகல், ரப்பர் தீயற வாசனை... இவ்ளோ சொல்லியிருக்குமே சார்?"

"எனக்கு ஒண்ணும் புரியலப்பா. நல்லவேளை, தெய்வம் மாதிரி நீ இந்த வழியா வந்தே!"

மெக்கானிக் அவரை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினான்.

"ஏசி, லைட்டு, ரேடியோ எல்லாத்தையும் போட்டா ஏரிக்கரையிலயே நின்னுடும்னு நேத்தே சொன்னேனேக்கா, அஞ்சு மணியிலருந்து அங்க காத்துக்கிட்டிருந்த என்னையும் தாண்டிப் போயிட்டீங்களே!"