ஃபாலுக்கு மூன்றாவது வடிவம்

"இனிமே இலக்கணம்ங்கிற பேச்சே வகுப்புல வரக்கூடாது!" என்றார் முதலாளி. போன வருஷம் வரை மெத்தை விற்றவர். இப்போது ஆங்கிலம் விற்கிறார். "விதி கிடையாது, தமிழும் கிடையாது. நடிச்சுக் காட்டுங்க, தானா ஒட்டிக்கும்."

"ஒட்டிக்க இது என்ன பசையா சார்?" என்று கொதித்தார் வாத்தியார்.

கொதித்து என்ன பயன்? அவர் கைப்பட எழுதிய வினைச்சொல் அட்டவணை சுவரிலிருந்து இறங்கியது. சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"குடுங்க, அலமாரிக்கு விரிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள் மனைவி. அதோடு விட்டாளா? சாப்பிடும்போது, "ஏங்க, ஃபாலுக்கு மூணாவது வடிவம் என்னங்க?" என்றாள்.

"ஃபாலன்! வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதே!"

பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் நடிப்பு தொடங்கியது. 'ஈட்' என்று வாயை அசைத்தால், "சாருக்குப் பல்வலி" என்றார் தையல்காரர். 'ஸ்லீப்' என்று மேசையில் தலை சாய்த்தால், நர்ஸம்மா ஓடிவந்து நாடி பிடித்தார்.

முதலாளி கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காருவேன். அன்னிக்கும் இவங்க வாய் திறக்கலைன்னா, நீங்க வேற கடை பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை வாத்தியார் நாற்காலிமேல் ஏறினார். "ஐ ஆம் கோயிங் டு ஃபால்!" என்று ஆடிக் காட்டினார். நாற்காலி அவரைவிட நன்றாக நடித்தது. அதன் கால் முறிந்தது. தடால்!

"ஐயோ, தூக்குங்கய்யா!"

தமிழ்தான் கூடாதே! ஒருவரும் அசையவில்லை.

"சார் வாஸ் ஸ்டாண்டிங்" என்றார் நர்ஸம்மா.

"சார் ஃபெல்" என்றார் தையல்காரர்.

"சார் ஹாஸ் ஃபாலன்!" என்று வகுப்பே முழங்கியது.

முதலாளி எழுந்து கைதட்டினார். "பாத்தீங்களா! ஒரு விதி சொல்லிக் குடுத்தீங்களா? எல்லாம் நம்ம முறையோட மகிமை!" மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார்.

வேலை தப்பியது, மானம்தான் கப்பலேறியது. இருபது வருஷமாகக் கட்டிக் காத்த விதியெல்லாம் விலைபோகாத சரக்கா?

தோள் கொடுத்துத் தூக்கிய தையல்காரரிடம் வாத்தியார் சீறினார்: "என் கோமாளித்தனத்தைப் பாத்தாய்யா இங்கிலீஷ் வந்துச்சு உங்களுக்கு?"

தையல்காரர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, காதோரம் குனிந்தார்.

"அட நீங்க வேற சார்! தினமும் காலைல நீங்க வீட்டை விட்டுக் கிளம்பினதும், உங்க வீட்டு அக்கா எங்களுக்காக அந்த அட்டவணையை ஹால்ல மாட்டிடுறாங்க. 'ஃபாலன்' தப்பாச் சொன்னதுக்கு நேத்து நர்ஸம்மாவுக்கே ஸ்கேல்ல அடி!"